லாட்டிமர் வீட்டுப் பன்னிரண்டாவது உறை

சில்வி எந்த வருஷம் பிறந்தாள் என்று அவளுக்கே தெரியாது. வானத்து நட்சத்திரமெல்லாம் மழையாய்க் கொட்டியதே, அதற்கு இரண்டு வருஷம் கழித்து என்று அவள் அம்மா சொன்னதோடு சரி. எங்கள் தெற்குக் கரோலினா மேட்டுச் சீமையில் அடிமைப் பிள்ளையின் வயதை யார் எழுதிவைத்தார்கள்? கன்றுக்குட்டி பிறந்த தேதியை எழுதிவைப்பார்கள்.

ஒன்பது வயதில் லாட்டிமர் குடும்பம் அவளை விலைக்கு வாங்கிச் சலவைக் கொட்டகையில் விட்டது. அங்கேயே வளர்ந்தாள், அங்கேயே தரையில் படுத்தாள். அந்த வீட்டுப் பிள்ளை ஹ்யூ பிறந்தபோது அவனுடைய பீத்துணியைத் துவைத்தவளும் அவள்தான். வடக்கும் தெற்கும் அடித்துக்கொண்ட போர் முடிந்து அடிமைகளுக்கு விடுதலை வந்த வருஷம் அவளுக்கு முப்பது வயது இருக்கலாம். அவளும் அவள் புருஷன் ஐசமும் ஓடைக்கரையில் குத்தகை நிலத்தில் ஒரு மரக்குடிசை போட்டார்கள். குடிசைக்குக் கதவு மாட்டும் முன்பே ஐசம் ஓக் மரத்தை அறுத்து ஒரு கட்டில் செய்தான். அதுவரை இருவரும் கட்டிலில் படுத்ததே இல்லை. கதவுப் பக்கம் ஐசம், சுவர்ப் பக்கம் சில்வி என்று முதல் நாளே முடிவாயிற்று. விடுதலை என்றால் என்னவென்று பெரிய மனிதர்கள் மேடை ஏறிப் பேசுவார்கள். சில்வியைக் கேட்டிருந்தால் கட்டிலைக் காட்டியிருப்பாள்.

துவைக்கும் வேலையை அவள் விடவில்லை. இப்போது கூலிக்கு, ஏழு வீட்டுக்கு. எழுதப் படிக்கத் தெரியாதவள் ஏழு வீட்டுத் துணியையும் ஒரே இரும்பு அண்டாவில் வேகவைத்து, கட்டையால் அடித்து, கஞ்சி போட்டுத் தேய்த்து, ஒரு கைக்குட்டைகூட வீடு மாறாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பாள். எல்லாம் நூல் குறிதான். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குறி, துணியின் மடிப்பு ஓரத்தில், உள்பக்கம். லாட்டிமர் வீட்டுக்கு நீல நூலில் இரண்டு பெருக்கல் குறியும் ஒரு கோடும். நூலுக்கு அவளே சாயம் போட்டாள். அது கொதிநீரில் கொஞ்சம் கசிந்து அடித்துணியிலும் பிடித்துக்கொள்ளும். அதற்காக லாட்டிமர் வீட்டு எசமானி ஆக்டேவியா அம்மாள் அவளைத் திட்டாத மாதம் கிடையாது.

ஆயிரத்து எண்ணூற்று எழுபதாம் வருஷம் அக்டோபரில் தேர்தல் வந்தது. ஐசம் ஒரு பழைய தம்பட்டத்தைத் தட்டிக்கொண்டு ஓடைக்கரை ஆண்கள் பதினோரு பேரைக் கூட்டிக்கொண்டு போய் ஓட்டுப் போட்டுவிட்டு வந்தான். திரும்பி வரும்போதும் தம்பட்டம் அடித்தான். அதுதான் வெள்ளைக்காரர் பலருடைய காதில் விழுந்துவிட்டது.

பிப்ரவரியில் ஒருநாள் பொழுது சாயும் நேரம். சோள ரொட்டி அடுப்பில் இருந்தது. குதிரைச் சத்தம் கேட்டு ஐசம் எழுவதற்குள் எட்டுப் பேர் வாசலில் நின்றார்கள். தலையில் கவிழ்த்த வெள்ளை உறை, கண்ணுக்கு இரண்டு ஓட்டை. ஐசமை இழுத்துக்கொண்டு போய் ஓக் மரத்தில் கட்டினார்கள். ஒருவன் மட்டும் குனிந்து குடிசைக்குள் வந்து சில்வியின் கையை முறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"நான் போர்ல, மனாசஸ் சண்டையில செத்தவன்" என்றான், தொண்டையை மாற்றிக்கொண்டு. "நரகத்துலேர்ந்து நேரா வர்றேன். சத்தம் போட்டே, உன்னையும் கூட்டிட்டுப் போயிருவேன்."

சில்வி சத்தம் போடவில்லை. வெளியே சவுக்கு விழுந்த சத்தம் ஒவ்வொன்றும் உள்ளே கேட்டது. அவள் கண்ணை மூடப் பார்த்தாள், முடியவில்லை. தாழ்ந்த கூரைக்காக அவன் தலையைக் குனிந்திருந்தான். உறையின் ஓரம் அவள் முகத்துக்கு நேராகத் தொங்கி, லேசாகச் சுருண்டிருந்தது. அடுப்பு வெளிச்சத்தில் அதன் உள்பக்கம் தெரிந்தது. இரண்டு பெருக்கல் குறி, ஒரு கோடு. போன சனிக்கிழமை அவள் தேய்த்துக் கொடுத்த தலையணை உறை. அவள் போட்ட கஞ்சியின் விறைப்புகூட இன்னும் போகவில்லை.

நரகத்திலிருந்து வந்தவன் என்றால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டாள். அந்த வீட்டில் முகமூடி போடுகிற வயதில் இருந்தது ஒரே ஒரு ஆள், ஹ்யூ.

அவர்கள் போன பிறகு ஐசமை அவிழ்த்து உள்ளே கொண்டுவந்து கட்டிலில் குப்புறப் படுக்கவைத்தாள். அடுத்த வீட்டிலிருந்து ஐசமின் தங்கை ரோக்ஸி பன்றிக்கொழுப்பு எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள், முதுகுக்குத் தடவ.

"எவன்னு தெரிஞ்சுதா அண்ணி?" என்றாள்.

"தெரியல."

"செத்தவனுங்களாம். செத்தவனுக்கு எதுக்கு கஞ்சி போட்ட உறை? எங்க அப்பன் செத்தப்ப ஒரு கோணிகூட ஒழுங்கா கிடைக்கல."

ஐசம் வலியோடு சிரித்தான். சில்விக்குச் சிரிப்பு வரவில்லை. சொன்னால் ஐசம் சும்மா இருக்கமாட்டான், துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு கிளம்புவான், விடிவதற்குள் பிணமாகக் கிடப்பான். அதனால் வாயைக் கட்டிக்கொண்டாள். புருஷனிடம் எதையும் மறைத்தறியாதவள்.

முதுகு ஆறியதும் ஐசம் காட்டில் படுக்க ஆரம்பித்தான். அவன் மட்டுமில்லை, ஓட்டுப் போட்ட அத்தனை ஆண்களும். சூரியன் இறங்கினால் ஆளுக்கொரு மெத்தைப் போர்வையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பைன் மரங்களுக்குள் போவார்கள். வெளுத்த பிறகு பனியில் நனைந்து திரும்புவார்கள். பெண்கள் குடிசையில் தனியாக ஒவ்வொரு குளம்புச் சத்தத்தையும் எண்ணிக்கொண்டு கிடப்பார்கள். இதற்குப் பெயர் குடியரசு. கட்டிலின் கதவுப் பக்கம் காலியாகவே கிடந்தது.

அதற்கு முன்பே, முகமூடிக்காரர்கள் வந்துபோன அடுத்த திங்கட்கிழமை, லாட்டிமர் வீட்டு அழுக்குமூட்டையைக் கட்டும்போது சில்வி தலையணை உறையை எண்ணினாள். பதினொன்று. ஒன்றும் பேசாமல் கட்டிக்கொண்டு வந்துவிட்டாள். சனிக்கிழமை ஆக்டேவியா அம்மாள் எண்ணினாள். அவளுக்குப் போரில் புருஷன் போனான், அடிமைகள் போனார்கள், பாதி நிலம் போயிற்று. மிச்சம் இருந்தது கல்யாணச் சீராக வந்த லினன் துணியும் அதை எண்ணுகிற பழக்கமும்தான்.

"பதினொண்ணுதான் இருக்கு."

"ஆமாங்கம்மா."

"என்ன ஆமாங்கம்மா? பன்னெண்டாவது எங்கே?"

மேசையில் ஹ்யூ காப்பி குடித்துக்கொண்டிருந்தான். கோப்பையைக் கீழே வைக்கவில்லை, வாய்க்கும் கொண்டுபோகவில்லை.

"விடும்மா" என்றான். "ஒரு உறைக்குப் போய்."

"உனக்கென்ன தெரியும்? இது எங்கம்மா குடுத்தது. சொல்லுடி, எங்கே?"

சில்வி தரையைப் பார்த்தாள். நான் எடுக்கவில்லை என்றால், பிறகு யார் எடுத்தது என்ற கேள்வி வரும். அந்தக் கேள்வியை ஹ்யூவின் முன்னால் வரவிடக் கூடாது.

"ஓடையில அலசும்போது போயிருச்சும்மா. தண்ணி இழுத்துட்டுப் போயிருச்சு."

"இத்தனை வருஷமா இழுக்காத தண்ணி இப்பத்தான் இழுத்துதா?"

அம்மாள் லேசில் விடுகிற ஆள் இல்லை. மகன் தடுக்கத் தடுக்க வண்டியைப் பூட்டிக்கொண்டு மாஜிஸ்திரேட்டிடம் போனாள். லாட்டிமர் வீட்டுத் தலையணை உறை ஒன்றைச் சலவைக்காரி சில்வி திருடிவிட்டாள். அடையாளம், ஓரத்தில் நீல நூலில் இவளே போட்ட குறி. குமாஸ்தா நேர்த்தியான மனிதர். குறி எப்படி இருக்கும் என்று கேட்டு, இன்னொரு உறையைப் பார்த்துப் புத்தகத்தில் அப்படியே வரைந்துவைத்தார்.

சில்வி மறுத்துப் பேசவில்லை. பதினைந்து நாள் சிறை. சிறையிலும் கைதிகளின் துணியைத்தான் துவைத்தாள். வெளியே வந்தபோது ஏழு வீட்டில் ஐந்து வீடு போயிருந்தது. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் அவள் உட்கார்ந்த பெஞ்சிலிருந்து இரண்டு பேர் எழுந்து பின்னால் போய் உட்கார்ந்தார்கள்.

"ஏன்டி ஒத்துக்கிட்டே?" என்றான் ஐசம். "நீ எடுக்கலன்னு எனக்குத் தெரியும். வாயில என்ன கொழுக்கட்டையா?"

"விடுய்யா. போனது போச்சு."

"ஓட்டுப் போட்டதுக்கு என் முதுகு போச்சு. ஒண்ணுமே செய்யாததுக்கு உன் பேரு போச்சு. நல்லா இருக்கு நம்ம குடும்பம்."

அவள் அழுதாள். அவன் அவமானத்துக்காக அழுகிறாள் என்று நினைத்துத் தட்டிக்கொடுத்தான். இல்லை, அது பயம். ராப்பகலாக உள்ளே உட்கார்ந்து ஆளைத் தின்கிற பயம்.

கோடை போய் அக்டோபர் வந்தது. ஐசமுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. முதலில் விடிகாலையில் மட்டும், பிறகு நாள் முழுக்க. ஒருநாள் துடைத்துப் போட்ட துணியில் ரத்தம் இருந்தது. எல்லார் துணியையும் பார்க்கிறவளிடம் அதை மறைக்க முடியுமா? இன்னொரு குளிர்காலம் காட்டில் படுத்தால் ஆள் தேறமாட்டான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. வீட்டில் படுத்தால் முகமூடிக்காரர்கள் வருவார்கள். அவர்களைப் பிடித்து உள்ளே போட்டால்தான் உண்டு.

அந்தச் சமயத்தில்தான் முகமூடிக்காரர்களை ஒடுக்கச் சொல்லி வாஷிங்டனிலிருந்து உத்தரவு வந்து நீலச் சட்டைச் சிப்பாய்கள் எங்கள் டவுனில் கூடாரம் அடித்தார்கள். ஒரு பஞ்சு அரவைக் கொட்டகையின் பரணில் பதினான்கு முகமூடிகள் அகப்பட்டன. எது யாருடையது என்று சொல்ல ஆள் இல்லை. அடிபட்டவர்கள் வந்து சாட்சி சொல்லலாம் என்று, விசாரிக்க வந்த கமிஷனர் அறிவித்தார். ஐசம் போய்த் தன் முதுகைக் காட்டினான். முகத்தைப் பார்த்தாயா என்றார்கள். பார்க்கவில்லை என்றான்.

அடுத்த நாள் காலை சில்வி அண்டாவுக்குத் தீ மூட்டிக்கொண்டிருந்தாள். ஹ்யூ குதிரையில் வந்து இறங்கினான். கையில் ஒரு அழுக்குமூட்டை.

"அம்மா உன்னை மன்னிச்சுட்டாங்க, சில்வி. மறுபடி உன்கிட்டயே குடுக்கச் சொன்னாங்க."

"சரிங்க சின்னய்யா."

அவன் போகவில்லை. அண்டாவில் கொதிக்கும் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் தவழ்ந்த காலத்தில் இதே மாதிரி அண்டாவில் கையை விடப்போனவனை அவள்தான் பிடித்து இழுத்திருக்கிறாள்.

"ஐசமுக்கு இருமலாமே? காட்டுல ஈரம் ஜாஸ்தி."

"ஆமாங்க."

"உறை தண்ணியில போச்சுன்னு நீயே சொன்னே. மாஜிஸ்திரேட்டு புத்தகத்துலயும் அது உன் பேருலதான் இருக்கு. தண்ணியில போனது தண்ணியிலயே போகட்டும். சரிதானே? மரக்குடிசை, பத்திக்கிட்டா ஒரு நிமிஷம் தாங்காது."

கடைசி வார்த்தையைச் சிரித்துக்கொண்டே சொன்னான். அவன் குதிரை வளைவு தாண்டிப் போகும்வரை சில்வி தலையை ஆட்டிக்கொண்டே நின்றாள். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டாள். ரோக்ஸி வந்து தூக்கவேண்டியிருந்தது.

"பேயைப் பாத்தவ மாதிரி இருக்கியே அண்ணி. அந்தப் பய என்ன சொன்னான்?"

"மூட்டை குடுத்தான்."

"திருடின்னு உள்ள தள்ளிட்டு மூட்டை வேற குடுக்குறானா? அடிச்சுத் துவை, நல்லா கிழியட்டும்."

சில்வி அந்த மூட்டையை அவிழ்க்கவே இல்லை. வெள்ளிக்கிழமை காலையில் துவைத்த பாவாடையைக் கட்டிக்கொண்டு, ஐசமிடம் மட்டும், "டவுனுக்குப் போறேன், நீயும் வா" என்றாள். வழியில் இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். திரும்பிப் போய்விடலாம் என்று ஐசம் எத்தனையோ சொன்னான். எதற்கு வந்திருக்கிறோம் என்றே அவனுக்குத் தெரியாது.

விசாரணை நடந்த ஹாலில் ஊர் வெள்ளைக்காரர் பாதிப்பேர் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். முன்வரிசையில் ஆக்டேவியா அம்மாளும் ஹ்யூவும். மேசைமேல் முகமூடிகள் குவிந்து கிடந்தன. சில்வி எழுந்து, தனக்குத் தெரியும் என்றாள். யார் காதிலும் விழவில்லை. கமிஷனர் மறுபடி கேட்டார்.

"இதுல ஒண்ணு யாரோடதுன்னு எனக்குத் தெரியும்ங்கய்யா. ஓரத்துல உள்பக்கம் நீல நூலு இருக்கும். நான் போட்டது."

ஹாலில் சலசலப்பு எழுந்தது. ஒரு சிப்பாய் ஒவ்வொரு முகமூடியாக எடுத்து ஓரத்தைப் புரட்டினான். முதலாவதில் இல்லை. ஐந்தாவதில் இல்லை. பதினான்கும் முடிந்தது. எங்கேயும் நூல் இல்லை.

ஊர் வெள்ளைக்காரர்கள் அமர்த்தியிருந்த வக்கீல் கெட்டியான ஆள். சாவகாசமாக எழுந்தார்.

"கமிஷனர் அவர்களே, இவ ஏற்கெனவே உறை திருடி சிறைக்குப் போனவ. இப்ப இல்லாத நூலைக் காட்டுறா. இன்னும் எவ்வளவு நேரம் நாம கேட்டுக்கிட்டிருக்கணும்?"

எல்லாரும் சிரித்தார்கள். ஹ்யூ சிரிக்கவில்லை, ஆனால் சாய்ந்து உட்கார்ந்தான். அப்போது சில்விக்குப் புரிந்தது. அம்மாள் மாஜிஸ்திரேட்டிடம் குறியைச் சொன்ன அன்றே மகன் நூலைப் பிரித்துவிட்டான். முகமூடியைக் கொளுத்தியிருக்கலாம். ஆனால் இன்னொன்று வேண்டுமென்றால் இன்னொரு உறையை எடுக்கவேண்டும், அம்மா மறுபடி எண்ணுவாள். எட்டு ஊரை நடுங்கவைத்தவனுக்கு அம்மாவிடம் அவ்வளவு பயம்.

இப்போது உட்கார்ந்துவிட்டால் இரண்டும் கெட்டது. சொன்னவள் என்ற பெயரும் வந்தாயிற்று, ஆளும் அகப்படவில்லை. திரும்பிப் போகும் வழியிலேயே குடிசைப் புகையைப் பார்க்கலாம். அவள் கேட்காமலேயே மேசையருகே போனாள். தடுக்க வந்த சிப்பாயைக் கமிஷனர் கையமர்த்தினார். சில்வி கண்ணை மூடிக்கொண்டு விரலால் ஒவ்வொன்றாகத் தடவினாள். பருத்தி, பருத்தி, மாவுக்கோணி, பருத்தி. ஒன்பதாவது லினன். இருபத்தேழு வருஷம் தடவிய துணி.

"இதைத் தண்ணியில நனைக்கணும்ங்கய்யா."

"எதுக்கு?"

"நூலைப் பிரிச்சிடலாம். சாயத்தை எப்படிங்க பிரிப்பாங்க?"

குடிக்க வைத்திருந்த ஜாடியிலிருந்து சிப்பாய் தண்ணீர் ஊற்றினான். ஈர ஓரத்தைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தான். வெள்ளைத் துணியில் வெளிறிய நீலமாய் மெல்ல எழுந்து நின்றன இரண்டு பெருக்கல் குறியும் ஒரு கோடும்.

"இந்தக் குறி எந்த வீட்டுது?" என்றார் கமிஷனர். "அதுக்கு உன் பேச்சைத் தவிர வேற சாட்சி இருக்கா?"

"மாஜிஸ்திரேட்டு புத்தகத்துல படம் போட்டு வச்சிருக்காங்கய்யா. என்னை உள்ள போட்டப்ப."

புத்தகம் வந்தது. கமிஷனர் படத்தையும் துணியையும் மாறி மாறிப் பார்த்தார். கீழே எழுதியிருந்ததை உரக்கப் படித்தார்: லாட்டிமர் வீட்டுத் தலையணை உறை, பன்னிரண்டில் ஒன்று, அடையாளம் இன்னது, புகார் கொடுத்தவர் திருமதி ஆக்டேவியா லாட்டிமர்.

இப்போது யாரும் சிரிக்கவில்லை. சில்வி முன்வரிசையைப் பார்த்துத் திரும்பினாள்.

"அம்மா, உங்க பன்னெண்டாவது உறை கிடைச்சிருச்சு."

ஆக்டேவியா அம்மாள் துணியைப் பார்த்தாள், கண்ணுக்கு வெட்டியிருந்த இரண்டு ஓட்டைகளைப் பார்த்தாள். பிறகு மகன் பக்கம் திரும்பினாள். ஹ்யூ வாசலைப் பார்த்து எழுந்தான். அங்கே இரண்டு நீலச் சட்டைகள் நின்றன. உள்ளே போனவன் ஒரு வாரம் தாங்கவில்லை, கூட வந்த ஏழு பேரையும் காட்டிக்கொடுத்தான் என்பது பிறகு நடந்தது. அந்தச் சிப்பாய்கள் ஆறே வருஷத்தில் மூட்டை கட்டிக்கொண்டு போனதும், பழைய ஆட்கள் பழைய நாற்காலியில் வந்து உட்கார்ந்ததும் அதற்கும் பிறகு.

அன்று வழியெல்லாம் ஐசம் நாலடி முன்னாலேயே நடந்தான். குடிசை தெரியும் வளைவில்தான் நின்றான். குடிசை அப்படியே இருந்தது.

"எட்டு மாசமாத் தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"எங்கிட்டகூடச் சொல்லல."

"சொன்னா நீ போயிருப்பே. செத்துருப்பே."

கறிக்கீரையும் ரொட்டியும் சாப்பிட்டார்கள். பொழுது சாய்ந்தது. ஐசம் பழக்கத்தில் எழுந்து மெத்தைப் போர்வையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்தான். இருமினான். சில்வி போய் அந்தப் போர்வையை அவன் கையிலிருந்து வாங்கிக் கட்டிலில் விரித்தாள்.

"இன்னைக்கு உள்ள படு."

"எட்டுப் பேருல ஒருத்தன்தான் உள்ள போயிருக்கான். பயமா இல்லியாடி?"

"இருக்கு. தொண்டை வரைக்கும் இருக்கு. அதுக்காக நீ காட்டுலயே செத்துப் போவியா? படு."

ஐசம் கதவுப் பக்கம் உட்காரப் போனான். சில்வி அவன் தோளைப் பிடித்துச் சுவர்ப் பக்கம் தள்ளினாள். துணி அடிக்கிற கட்டையை எடுத்து வந்து கட்டில் காலோரம் சாத்திவைத்தாள். பிறகு கதவுப் பக்கம் அவள் படுத்தாள்.